ஜாம் பாட்டிலும் வறண்ட மூக்கும்

குளிர்காலத்தில் அடுப்பில் ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளறையில் யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு இடத்திலும் தண்ணீர்தான் கணக்கு. அது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஜாம். ஆறிய ஜாமை ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். அத்தனை தண்ணீர் இருந்தும் பல மாதங்கள் கெடாமல் நிற்கிறது. காரணம், சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன. கிருமியின் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும், ஆனால் அதனால் குடிக்க முடியாது. அதோடு, கிருமியின் உடம்பில் இருக்கிற நீரும் சவ்வு வழியாக வெளியே உறிஞ்சப்பட்டுவிடும்.

இப்படி நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நீரை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளராது. ஜாம் சுமார் 0.8, அதனால் பாக்டீரியாவுக்கு அங்கே வேலையில்லை. பூஞ்சைதான் கெட்டிக்காரப் பயல். அதில் பல வகைகள் 0.8 வரை தாக்குப்பிடிக்கும், சில இன்னும் கீழேயும் போகும்.

ஒருமுறை நான் செய்த ஜாமில் மேலே மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது, அடியில் ஒன்றுமில்லை. சர்க்கரையைக் குறைத்துவிட்டோமோ என்று யோசித்தேன். தவறு மூடியில் இருந்தது. பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றி, சூட்டோடு லேசாக மூடி வைத்திருந்தேன். நீராவி மூடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, ஆறியதும் ஜாமின் மேல் சொட்டியிருக்கிறது. அந்த மெல்லிய மேல்தோலில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போய், பூஞ்சைக்குத் தேவையான தண்ணீர் கிடைத்துவிட்டது. ஈரக் கரண்டியை விட்டாலும் இதே கதைதான். கொதிக்கக் கொதிக்க, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி உடனே இறுக்க மூடினால், ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி சுருங்கி மூடியை உள்நோக்கி இழுக்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அது நல்ல சகுனம். பூஞ்சை வந்துவிட்டால் மேலே வழித்தெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகளும் நச்சும் அடியிலும் இறங்கியிருக்கலாம்.

ஜாம் கெட்டியாவதிலும் தண்ணீர் விளையாட்டு உண்டு. பழத்தின் செல்சுவரில் பெக்டின் என்ற நீண்ட சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலிகளில் இருக்கும் மின்னூட்டம் ஒன்றை ஒன்று தள்ளிவிடும். புளிப்பு அந்த மின்னூட்டத்தை அடக்குகிறது, சர்க்கரை நடுவிலிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் சங்கிலிகள் கைகோர்த்து வலையாகின்றன. இதற்கான பதம் 104, 105 டிகிரி செல்சியஸில் வரும். சர்க்கரை செறியச் செறியக் கொதிநிலை ஏறுவதால், வெப்பமானி அங்கே சர்க்கரையைத்தான் அளக்கிறது. வெப்பமானி இல்லையா? குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். தோல் சுருங்கி மடிப்பு விழுந்தால் சரி, அடுப்பை அணைக்கலாம்.

பழத்துக்குச் செய்ததைக் காய்கறிக்கும் செய்யலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. சர்க்கரையும் இல்லை, புளிப்பும் இல்லை, பாட்டிலுக்குள் காற்றும் இல்லை என்றால் போட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அவற்றைக் கொல்ல 121 டிகிரி வேண்டும், அழுத்தம் இல்லாமல் தண்ணீரில் அந்தச் சூடு வராது. புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். (புளிப்பு குறையக் குறைய இது ஏறும்) 4.6-க்கு மேலே இருக்கிற எதையும் சாதாரணமாகக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். நச்சு உருவானால் வாசனையில் தெரியவேண்டும் என்றில்லை. சாப்பிட்டபின் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, நாக்கு குழறினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இந்த வித்துகள் தேனிலும் இருக்கலாம். தேனில் கிடைக்கும் நீர் மிகக் குறைவு என்பதால் அங்கே அவை முளைக்காமல் தூங்கும். பெரியவர்களின் குடலில் மற்ற பாக்டீரியாக்கள் அவற்றை எழவிடுவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை; வித்துகள் முளைத்து நச்சைக் கக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளி தேன்கூட நாக்கில் தடவவேண்டாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலைத் தணிக்கத் தேன் உதவும்.

சரி, அந்த இருமலுக்கு வருவோம். குளிரே சளியை உண்டாக்குவதில்லை, வைரஸ்தான். ஆனால் குளிர்காலம் வைரஸுக்கு வழிவிடுகிறது. 0 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 5 கிராம் நீராவியைத் தாங்கும்; 20 டிகிரியில் சுமார் 17 கிராம். வெளியே ஈரம் நிறைந்த குளிர்காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடானால், அதனிடம் இருப்பது அதே 5 கிராம்தான். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் காற்றுக்குத் தாகம். நுரையீரலை எட்டும்போது அதில் 44 கிராம் இருந்தாக வேண்டும், மீதியை மூக்கும் தொண்டையும் கொடுக்கின்றன. காலையில் உதடு வெடித்து, தொண்டை காய்ந்து எழுந்திருப்பது இதனால்தான்.

மூக்குச் சளியும் பெரும்பாலும் தண்ணீரே. அது இளக்கமாக இருந்தால்தான் அடியிலிருக்கும் நுண்ணிய ரோமங்கள் அதை, ஒட்டிய தூசு, வைரஸோடு சேர்த்துத் தொண்டைப் பக்கம் தள்ள முடியும். வறண்டால் அந்த ஓட்டம் மந்தமாகும். 2007-இல் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், குளிர்ந்த வறண்ட காற்றில் இன்ஃபுளுயன்ஸா ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாகத் தாவியது. 30 டிகிரியில் காற்று வழியாகப் பரவவே இல்லை.

அதற்காக அறையை நீராவியில் மூழ்கடிக்கவும் கூடாது. 40 முதல் 60 சதவீதம் போதும். சின்ன ஈரப்பதமானி ஒன்று சுவரில் தொங்கினால் ஊகிக்க வேண்டியதில்லை. அளவு கூடினால் நீராவி குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் துளியாகப் படிந்து சட்டத்தில் வழியும். சில வாரங்களில் அந்த மூலை கறுக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அது சும்மா விடுகிற கறை அல்ல. ஜாம் மூடிக்கு அடியில் பார்த்த பூஞ்சையின் உறவுதான், அங்கே கிடைத்த அதே சொட்டுத் தண்ணீரைத்தான் இங்கேயும் குடிக்கிறது. அதனால் ஜாம் கொதிக்கிற நாளில் நான் சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்பேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடுவேன்.