ஈரலை விட்டு ஓடினாலும் ஈரல் குணம் போகாது

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "உறவுக்காரக் குழந்தைக்கு ஈரலில் கட்டி. புற்றுதான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறமும் இரண்டு மூன்று மாதம் கீமோ கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்கிறார்கள். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்தில்லையா?"

நியாயமான பயம்தான். புற்றுநோய் என்றாலே 'எவ்வளவு சீக்கிரம் வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் குழந்தைகளுக்கு வரும் கட்டிகள் வேறு ரகம். பெரியவர்களின் புற்று பெரும்பாலும் பல வருடச் சேதம் சேர்ந்து சேர்ந்து முளைப்பது. குழந்தைகளின் கட்டிகளில் பல, கருவில் உறுப்பு உருவாகும் காலத்தில் முதிராமல் நின்றுபோன செல்களிலிருந்து கிளம்புபவை. சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, ஈரலில் ஹெப்பாட்டோபிளாஸ்டோமா, அட்ரீனல் சுரப்பியிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளிலும் நியூரோபிளாஸ்டோமா. கிடுகிடுவென்று பெருகும் செல்கள் இவை. அந்த வேகமே அவற்றுக்கு வினை. பெருகும் செல்லைத் தாக்கும் கீமோ மருந்துக்கு இவை சீக்கிரம் மடங்குகின்றன.

முதலில் மருந்து, பிறகு கத்தி என்ற வரிசை எப்படி வந்தது என்பதற்கு வில்ம்ஸ் கட்டியின் கதை போதும். வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய கட்டி, அதைச் சுற்றி மெல்லிய உறை. அறுவையின்போது உறை கிழிந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தும். நோய் மூன்றாம் நிலை என்று கணக்காகி, வயிற்றுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும். 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், நேராக அறுவைக்குப் போன குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குக் கட்டி உடைந்தது. முன்கூட்டியே கதிர்வீச்சால் சுருக்கிவிட்டு அறுத்தபோது நூற்றுக்கு 4 பேருக்குத்தான் உடைந்தது. பிறகு கதிர்வீச்சின் இடத்தைக் கீமோ பிடித்தது: வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் என்று இரண்டு மருந்து, 4 வாரம். வட அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலும் அறுவைதான் முதலில். மருந்து பட்டுக் கலைவதற்கு முன் கட்டியின் அசல் முகத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அரை நூற்றாண்டாக இந்த வழக்கு தீரவில்லை. இரண்டு பக்கத்திலும் 100க்கு ஏறக்குறைய 90 குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்பதால் தீர்ப்பு சொல்ல யாருக்கும் அவசரமும் இல்லை.

'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று ஊரில் சொல்வார்களே, அதில் உண்மையின் பொட்டு இவ்வளவுதான். கட்டி உடைந்தால் சிந்தும். சிந்தக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அந்தப் பொட்டைப் பிடித்துக்கொண்டு, கத்தியே ஆகாது என்று குழந்தையைத் தாயத்துக்கும் பட்டைக் கஷாயத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 4 வாரத்தில் சுருங்கக்கூடிய கட்டிக்கு 4 மாதம் இலவசமாகக் கொடுப்பது அது.

இனி, வாசகர் கேட்ட ஈரல். ஹெப்பாட்டோபிளாஸ்டோமா பெரும்பாலும் 3 வயதுக்குள் வருகிறது. அறுவை மருத்துவர்கள் ஈரலை 4 பகுதிகளாகப் பிரித்துப் பார்த்து, அதில் எத்தனை பகுதி கட்டி தீண்டாமல் மிச்சமிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த முடிவு. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து ஏறியதும் கட்டி சுருங்கி, பெரிய ரத்தக்குழாய்களை விட்டு விலகி வரும். இந்தக் கட்டி சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் அளவு ரத்தத்தில் மளமளவென்று இறங்குவதைப் பார்த்தே மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு வெட்டினால், நல்ல ஈரலை அதிகம் மிச்சம் பிடிக்கலாம். மிஞ்சியது மறுபடி வளர்ந்துகொள்ளும். ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. நான்கு பகுதியிலும் கட்டி படர்ந்து, சுருங்கியும் விலகவில்லை என்றால் மாற்று ஈரல். ஆக, காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று மாதம் சும்மா போவதில்லை. அதுவும் சிகிச்சையின் ஒரு பாகம்தான்.

ஆனால் இந்த வரிசையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்தது.

ஹெப்பாட்டோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நோய் தெரியவரும்போதே நுரையீரலுக்கும் பரவியிருக்கும். பல புற்றுகளில் 'நுரையீரலுக்குப் போய்விட்டது' என்றால் அறுவைக்கான கதவு மூடிவிட்டது என்று பொருள். இங்கே அப்படியில்லை. மருந்தில் கரைந்தது போக மிஞ்சிய துணுக்குகளை நுரையீரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தால் குழந்தை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பரவிய நோய் உள்ளவர்களையும் சேர்த்து, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சிஸ்பிளாட்டினை நெருக்கி நெருக்கிக் கொடுத்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. அதில் 3 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 83 சதவீதம்.

பொறுக்குவது எப்படி என்பதுதான் கேள்வி. மருந்து நன்றாக வேலை செய்யச் செய்ய, துணுக்குகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். சிடி ஸ்கேன் எடுக்கும்போது நுரையீரல் காற்று நிரம்பி விரிந்திருக்கும். மார்பைத் திறந்தால் அது சுருங்கிப் படிந்துவிடும். ஸ்கேனில் குறித்து வைத்த இடம் எங்கேயோ நகர்ந்திருக்கும். பழைய முறை, விரல். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நுரையீரலை அங்குலம் அங்குலமாக உருட்டிப் பார்ப்பது. கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் எடுப்பது. மருந்தில் நொந்து மெத்தென்று ஆகிவிட்ட 2 மில்லிமீட்டர் துணுக்கு எந்த விரலுக்கும் சிக்காது. சிகிச்சை பலித்ததே அறுவைக்கு இடைஞ்சலாக வந்து நிற்கிறது.

இங்கே வருகிறது இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். கோடக் நிறுவனத்தின் புகைப்பட ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1950களின் கடைசியிலிருந்து இதய ரத்த ஓட்டத்தையும் ஈரலின் வேலைத்திறனையும் அளக்க மருத்துவத்தில் புழங்குகிறது. ரத்தத்தில் செலுத்தியதும் அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு குழாய்க்குள்ளேயே சுற்றும். சிறுநீரில் இறங்காது. வேறு உறுப்புகள் இதைச் சீண்டுவதில்லை. ஈரல் செல் மட்டும்தான் இதைப் பிடித்து உள்ளே இழுக்கும், பிறகு உருமாற்றாமல் அப்படியே பித்தநீரில் தள்ளும்.

எப்படித் தள்ளுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரல் செல்லுக்கு இரண்டு முகம். ரத்தம் பாயும் பக்கத்து முகத்தில், சாயத்தை உள்ளே வாங்கும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. பக்கத்துச் செல்லோடு ஒட்டும் முகத்தில் ஒரு நுண்ணிய கால்வாய் ஓடுகிறது. அந்தக் கரையில், சாயத்தை வெளியே இறைக்கும் புரதங்கள். அந்தக் கால்வாய்கள் சேர்ந்து சேர்ந்து பித்தநாளமாகிக் குடலுக்குப் போய்விடும். ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடுவதே அதன் பிழைப்பு.

புற்றான ஈரல் செல் இதில் பாதியை மட்டும் மறக்காமல் வைத்திருக்கிறது. வாங்கும் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் செல்கள் தாறுமாறாக அடுக்கியிருப்பதால் கால்வாய் ஒழுங்காக அமைவதில்லை. அமைந்தாலும் எந்தப் பித்தநாளத்திலும் போய்ச் சேர்வதில்லை. வாசல் திறந்திருக்கிறது, கொல்லைப்புறக் கதவு கிடையாது. உள்ளே போன சாயம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இப்போது அந்தச் செல் நுரையீரலுக்கு ஓடிப்போய்க் குடியேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் ஈரல் புத்தி மாறவில்லை. சாயம் வந்தால் பிடித்து விழுங்குகிறது. சுற்றியிருக்கும் நுரையீரல் செல்கள் அதைத் தொடுவதே இல்லை. அறுவைக்கு முந்தைய நாள் உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில் சாயம் ஏற்றுகிறார்கள். ஒரு நாளுக்குள் ரத்தம் சுத்தமாகிவிடுகிறது. நுரையீரலில் மறுநாளும் சாயத்தைக் கையில் வைத்திருப்பது யாரென்றால், அங்கே இருக்கவே கூடாத ஈரல் செல்தான். புற்று என்பதால் அது மாட்டிக்கொள்ளவில்லை, ஈரல் என்பதால் மாட்டிக்கொள்கிறது. இந்தத் தர்க்கத்தை முதல்முறை படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

மிச்சம் இயற்பியல். ஏறக்குறைய 780 நானோமீட்டர் அலைநீள ஒளி பட்டால் இந்தச் சாயம் 830 வாக்கில் ஒளியைத் திருப்பி உமிழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது, கேமராவுக்குத் தெரியும். அந்த அலைநீளம் வாய்த்தது அதிர்ஷ்டம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், அதைவிட நீண்ட அகச்சிவப்பை நீர் விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உடல் ஓரளவு ஊடுருவ விடும் குறுகிய சந்து ஒன்று இருக்கிறது. இந்தச் சாயம் சரியாக அந்தச் சந்தில் ஒளிர்கிறது.

அறுவை அரங்கில் ஒரு கட்டத்தில் விளக்குகளை அணைக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அறுவை விளக்கிலும் அகச்சிவப்பு கலந்திருக்கும். சுருங்கிய நுரையீரலின் மேல் கேமராவை நகர்த்துவார்கள். திரையில் எல்லாம் இருட்டு. நடுவில் சின்னதாக ஒரு புள்ளி மின்னும். அங்கே நூல் போட்டுக் குறித்துவிட்டு, விளக்கைப் போட்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுப்பார்கள். எடுத்த துண்டை மேசையில் வைத்து மறுபடி கேமரா காட்டுவார்கள். வெட்டிய விளிம்பு வரை ஒளி வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். குழந்தைக்கு நுரையீரல் பின்னால் நிறைய வேண்டியிருக்கிறது. ஊகத்தில் பெரிய துண்டாக அரிந்து தள்ளாமல் இருப்பதே பெரிய லாபம்.

இதைத் தேடிக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஈரல் அறுவைக்கு முன் ஈரலின் திறனை அளக்க ஜப்பானில் வழக்கமாக இந்தச் சாயத்தைக் கொடுப்பார்கள். சில நாள் கழித்து அறுவையில் அகச்சிவப்புக் கேமராவைப் பிடித்தால், பெரியவர்களின் ஈரல் கட்டிகள் தாமாக மின்னிக்கொண்டிருந்தன. அது 2009ல் அறிக்கையாக வந்தது. குழந்தைகளின் நுரையீரல் துணுக்குகளுக்கு அதையே பயன்படுத்தியதை 2015ல் ஜப்பானிய மருத்துவர்களே எழுதினார்கள்.

குறைகள் உண்டு. நுரையீரலின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் இருப்பது தெரியாது. அழற்சி கண்ட இடமும் சில நேரம் மின்னி ஏமாற்றும். ஈரலுக்குள்ளேயே என்றால் நல்ல திசுவிலும் சாயம் தங்கியிருக்கலாம் என்பதால், எத்தனை நாள் முன்னால் கொடுப்பது என்பதில் இன்னும் ஆளுக்கொரு கணக்கு. விரலும் ஸ்கேனும் ஓய்வு பெற்றுவிடவில்லை.

பிழைத்த குழந்தையின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிஸ்பிளாட்டின் உட்காதின் நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்கிறது. பேச்சு பழகும் வயதில் கேள்திறன் போவது சின்ன விலையில்லை. மருந்து ஏறி 6 மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் முடிவு வந்தது: கேள்திறன் பாதிப்பு 63 சதவீதத்திலிருந்து 33 ஆக இறங்கியிருந்தது, பிழைப்பவர் எண்ணிக்கை குறையவில்லை. இந்தச் சோடியம் தயோசல்பேட் யாரென்றால், பழைய இருட்டறைகளில் படம் கழுவிய 'ஹைப்போ'வேதான். இரண்டு புகைப்பட ரசாயனங்கள் ஒரே நோய்க்கு வந்து சேர்ந்திருப்பது தற்செயல். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அந்த ஆய்வுக்கு நூற்றுச் சொச்சம் குழந்தைகளைச் சேர்க்க 12 நாடுகளும் 7 ஆண்டுகளும் தேவைப்பட்டன. நோய் அவ்வளவு அரிது. காப்புரிமை தீர்ந்த மருந்துக்கும் பழைய சாயத்துக்கும் எந்தக் கம்பெனி ஆசையாகப் பணம் போடும்? பொதுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் இல்லாவிட்டால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். 'உடனடிப் பலன் என்ன?' என்று ஆராய்ச்சி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் குழுக்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் புற்று வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே.

வில்ம்ஸ் கட்டிக்கும் நியூரோபிளாஸ்டோமாவுக்கும் இந்த ஈரல் தந்திரம் பலிக்காது; சாயத்தைத் தாமாக விழுங்கும் குணம் அவற்றுக்கு இல்லை. பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு வளரும் நியூரோபிளாஸ்டோமாவில்தான் எல்லை தெரிவது மிகவும் அவசியம். அதன் செல்கள் மேல் ஜிடி2 என்ற சர்க்கரைக் கொழுப்பு மண்டிக் கிடக்கும். அதைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் ஏற்கெனவே மருந்தாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த எதிர்ப்புரதத்தின் வாலில் அகச்சிவப்புச் சாயத்தைக் கட்டி அனுப்பினால் கட்டி ஒளிர்கிறதா என்று ஆய்வக விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். ஒளிர்கிறது.