தண்ணி இறங்க இறங்க ஆளு மாறுற ஏரி

சூளூர்பேட்டையில இருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு பழவேற்காடு ஏரியை குறுக்கால வெட்டிக்கிட்டுதான் போகும். ஜனவரி ஆனா போதும், சென்னை வண்டிங்களா வந்து ஓரமா நிக்கும், பூநாரையை ரெண்டு போட்டோ எடுத்துட்டு மதிய சாப்பாட்டுக்கு முன்னாடி கிளம்பிடுவாங்க. வந்து பாக்குறதே பெரிய விஷயம்தான், ஆனா அதே இடத்துல மறுபடி மார்ச்சுல வந்து நின்னா அங்க நிக்கிற பறவைங்களே மாறியிருக்கும், ஏன் மாறுதுன்னு யோசிச்சா அங்கதான் சுவாரஸ்யமே இருக்கு.

பறவை எப்ப கிளம்பணும்னு அதோட உடம்புக்கு சொல்றது பகல் வெளிச்சத்தோட நீளம். ஆனா இங்க வந்து இறங்கின பிறகு எங்க நிக்கணும், எத்தனை நாள் நிக்கணும்னு முடிவு பண்றது தண்ணியோட ஆழம். ஒடிசாவோட சிலிகா ஏரிக்கு அடுத்து நம்ம நாட்டோட ரெண்டாவது பெரிய உப்பங்கழி இதுதான், பெரும்பகுதி ஆந்திராவுல, தெற்கு ஓரம் தமிழ்நாட்டுல. பேருக்குத்தான் பெரிய ஏரி, சராசரி ஆழம் ஒரு மீட்டர் பக்கம்தான். தரை சமமா கிடக்குறதால தண்ணி நாலு விரல் இறங்குனாலே ஏகப்பட்ட சேறு வெளிய வந்துடும். வடகிழக்கு பருவமழைக்கு ஆரணி ஆறும் காளங்கி ஆறும் தண்ணி கொண்டு வந்து கொட்டும், மழை நின்னதும் வெயிலும் காத்தும் அதை கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிடும். வருஷம் முழுக்க நடக்குறது இவ்வளவுதான்.

நவம்பர், டிசம்பர்ல ரொம்பி நிக்கும்போது நீந்துறவங்களோட காலம். ஊசிவால் வாத்து தலையை உள்ள விட்டு வாலை மேல தூக்கிக்கிட்டு மேயும், கழுத்து எட்டுற ஆழம் வரைக்கும்தான் அதுக்கு சாப்பாடு. கூழைக்கடாவுக்கு மீன் இருந்தா போதும், பக்கத்துல நேலபட்டுல மரத்து மேல கூடு கட்டிட்டு இங்க வந்து குஞ்சுக்கு மீன் எடுத்துட்டு போகும்.

தண்ணி முட்டி அளவுக்கு வந்ததும் பூநாரை. நீளமான காலு ஆழத்துல நடக்கத்தான், ஆனா நெஜ வேலையெல்லாம் வாய்க்குள்ள. தலையை தலைகீழா கவுத்து அலகை தண்ணியில வைக்கும், உள்ள நாக்கு அடி பம்பு மாதிரி முன்னும் பின்னும் போய் சேத்துத் தண்ணியை இழுத்து வெளிய தள்ளும், அலகோட ஓரத்துல இருக்குற சீப்புப் பல்லு மாதிரி தகடுங்க சின்ன இறாலு, புழு பூச்சியெல்லாம் வடிகட்டி நிறுத்திக்கும். 2025ல சிலி பூநாரையை வச்சு செஞ்ச ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அதுல என்ன பாத்தாங்கன்னா இது சும்மா வடிகட்டுறது இல்ல, காலால மிதிச்சு சேத்தை கிளப்புது, தலையை வெடுக்குனு மேல இழுத்து தண்ணிக்குள்ள சுழலை உண்டாக்குது, அலகை செகண்டுக்கு 12 தடவை பக்கம் படபடன்னு அடிச்சு இரையை வாய்ப்பக்கம் இழுக்குது. அந்த ரோஸ் கலரும் சாப்பாட்டுல இருந்து வர்றதுதான், கரோட்டினாய்டுங்குற நிறமி. கூட்டத்துல அழுக்கு சாம்பல் நிறத்துல நிக்கிறது எல்லாம் இளசுங்க, இன்னும் கலர் ஏறல.

எனக்கு புடிச்ச கட்டம் பிப்ரவரி கடைசியில இருந்துதான். சேறு தெரிய ஆரம்பிச்சதும் உள்ளானுங்க, அதாவது சேத்துல மேயுற கரைப் பறவைங்க, இறங்கும். கருவால் மூக்கன் நீட்டு அலகை முழுசா சேத்துக்குள்ள விடும், பெரிய கோட்டான் (ஆந்தை இல்ல, இதுவும் உள்ளான் சாதிதான்) வளைஞ்ச அலகோட இன்னும் ஆழமா போகும், சின்ன உள்ளான் மேலாப்புல மட்டும் கொத்தும், அதனால ஒரே சேத்துல பக்கத்து பக்கத்துல மேஞ்சாலும் பெரிசா சண்டை வராது. கண்ணுக்கு தெரியாத இரையை எப்படி கண்டுபுடிக்குதுங்க? அலகு நுனி எலும்புல குட்டிக் குட்டி குழியா இருக்கும், அதுக்குள்ள அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைங்க. 1998ல நாட் உள்ளானை வச்சு காட்டுனாங்க, அலகை ஈர மணல்ல குத்தும்போது மணல் துகளுக்கு நடுவுல இருக்குற தண்ணி நகரும், பக்கத்துல சிப்பி மாதிரி கெட்டியா ஏதாவது கிடந்தா அந்த ஓட்டம் தடைபட்டு அழுத்தம் மாறும், தொடாமலே பறவைக்கு தெரிஞ்சிடும். இந்த வித்தைக்கு ஈரம் கட்டாயம். அதனாலதான் சேறு காயக் காய உள்ளான் கூட்டம் தண்ணி ஓரத்தை விடாம அது கூடவே உள்ள உள்ள நகர்ந்து போகும். பைனாகுலரை கையில எடுத்தா பறவையை தேடாதீங்க, சேறும் தண்ணியும் சேர்ற கோட்டை தேடுங்க, பறவை தன்னால கிடைக்கும். (முக்காலி மேல வச்ச ஸ்கோப் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது, கானல் ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஏழு எட்டு மணிக்குள்ள.)

உப்புக்கொத்திக்கு இந்த அலகு வித்தை கிடையாது, பெரிய கண்ணுதான் அதோட முதலீடு, ஓடும், நிக்கும், பாக்கும், கொத்தும், அதனால ஓரளவு காஞ்ச தரையிலயும் சமாளிச்சிடும்.

ஏப்ரல், மே வந்தா வடக்குப் பக்கம் வெடிச்சுக் கிடக்கும், மாடு நடக்கும். மிச்சம் இருக்குற தண்ணி கடலை விட உப்பாகிடும். வலசைக்காரங்க கிளம்பிட்டாங்க, ஆனா உள்ளூர்க்காரங்களுக்கு இதுதான் முட்டை சீசன். வெறும் தரையில முட்டை, மேல கொளுத்துற வெயில், இந்த நேரத்துல அடைகாக்குறதுன்னா சூடு ஏத்துறது இல்ல, சூடு ஏறாம பாத்துக்குறது. ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான் மாதிரி பறவைங்க போய் வயித்து இறகை தண்ணியில நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காந்து குளிர வைக்கும்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற ஆகஸ்ட்லயே, இங்க மழை வர்றதுக்கு முன்னாடியே, வளைமூக்கு உள்ளான் சைபீரியாவுல இருந்து திரும்ப ஆரம்பிச்சிடும். ஆண் பறவை இணை சேந்த கொஞ்ச நாள்லயே தெற்க கிளம்பிடும், பெண்ணு குஞ்சு பொரிச்சு வளத்துட்டு பின்னாடி, குஞ்சுங்க எல்லாத்துக்கும் கடைசி, வழி காட்ட பெத்தவங்க கூட இல்லாம. ஏரியோட வடக்குப் பக்கம் அப்ப ஈரச் சேறே இருக்காது, அதனால செப்டம்பர்ல ரோட்டுப் பக்கம் நின்னு ஏமாறாம தெற்க பழவேற்காடு முகத்துவாரத்துப் பக்கம் போங்க, கடல் ஏறி இறங்கி அங்கதான் ஈரம் நிக்கும், முதுகு இறகு ஒவ்வொண்ணுக்கும் வெளிர் விளிம்பு போட்டு புதுசா இருக்குற அந்த இளசுங்களும் அங்கதான் நிக்கும்.