√72 எப்படி 6√2 ஆகிறது?

√72-இன் மதிப்பை மூன்று தசம இடங்களுக்கு எழுதினால் 8.485. அதையே வர்க்கப்படுத்தினால் 71.995தான் வருகிறது. 6√2-ஐ வர்க்கப்படுத்தினாலோ 36 × 2, அதாவது 72, துளியும் குறையாது. விடையை மூலக்குறியோடு விட்டுவைக்கச் சொல்வது இதனால்தான்.

அடிப்படை விதி ஒன்றே: a, b இரண்டும் குறை எண்களாக இல்லாதவரை √(ab) = √a × √b. எனவே எண்ணுக்குள் இருக்கும் மிகப்பெரிய முழு வர்க்கக் காரணியைப் பிரித்தெடுக்க வேண்டும். 72 = 36 × 2 என்று உடனே தெரிந்தால் வேலை முடிந்தது. 4 × 18 என்று பிரித்தவர்கள் 2√18-இல் நின்றுவிடுவதுண்டு. அது தவறல்ல, பாதி வேலை: 18-க்குள் இன்னும் ஒரு 9 இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பகாக் காரணிப்படுத்தலே கைகொடுக்கும். 1176 = 2³ × 3 × 7². ஒவ்வொரு அடுக்கையும் 2-ஆல் வகுங்கள். ஈவு வெளியே அடுக்காகும், மீதி உள்ளே அடுக்காகும். 2³-இலிருந்து ஒரு 2 வெளியே, ஒரு 2 உள்ளே, 3 உள்ளேயே, 7 வெளியே. விடை 14√6. சரிபார்க்க: 196 × 6 = 1176.

பெரிய எண்களில் உழைப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு, பலர் கவனிப்பதில்லை. √2738-ஐ எடுத்துக்கொள்வோம். 2-ஆல் வகுத்தால் 1369. இதன் கனமூலம் 11-ஐச் சற்றே தாண்டும். ஆகவே 2, 3, 5, 7, 11 வரை சோதித்தால் போதும், எதுவும் வகுக்கவில்லை. 11-ஐவிடப் பெரிய பகா எண்கள் மூன்றைப் பெருக்கினால் 13³ = 2197-க்குக் குறையாது என்பதால், 1369-இல் அதிகபட்சம் இரண்டு பகாக் காரணிகளே இருக்க முடியும். மிச்சம் ஒரே கேள்வி: இது முழு வர்க்கமா? ஆம், 37². விடை 37√2. முழு வர்க்கமாக இல்லாதிருந்தால், காரணிகளைத் தேடாமலே அதை அப்படியே உள்ளே விட்டிருக்கலாம்.

ஏற்கெனவே வெளியே கெழு இருந்தால் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது: 3√20 = 3 × 2√5 = 6√5. கூட்டலுக்கு இந்த விதி பொருந்தாது. √(9 + 16) என்பது 5, 7 அல்ல. √50 + √18-ஐ √68 என்று எழுதுவதும் இதே பிழைதான். முதலில் சுருக்கினால் 5√2 + 3√2, ஆக 8√2.

எழுத்துகள் வந்தால் இன்னொரு கண்ணி: x குறை எண்ணாகவும் இருக்கலாம் என்றால் √(x²) என்பது x அல்ல, |x|.