யாழினி எப்படி நைனி ஆனாள்?

காவேரிப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை தன் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் தேடியதில் ஒரு காலண்டரின் பின்பக்கங்கள் முழுவதும் நிரம்பிவிட்டன. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்றார் மாமனார். தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும் என்றார் கணவர். கூப்பிட்டால் காதுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய நிபந்தனை. மூவருக்கும் பொதுவாக அமைந்தது யாழினி என்ற பெயர். தொட்டிலில் போட்ட அன்று அதைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார்கள். அதே வாரத்தில், தொட்டிலின் விளிம்பைப் பிடித்து எம்பிப் பார்த்த இரண்டரை வயது அண்ணன், தங்கையை "நாயினி" என்று கூப்பிட்டான். யாழ் இருக்க வேண்டிய இடத்தில் நாய் வந்து படுத்துக்கொண்டது. "அஞ்சு மாசமா தேடி வெச்ச பேருண்ணா, அஞ்சே நாள்ல கெடுத்துட்டான்" என்று தொலைபேசியில் சொன்ன என் தங்கையின் குரலில் சிரிப்பு இல்லை.

ஆனால் அவன் எதையும் கண்டபடி கெடுக்கவில்லை. இரண்டரை வயதுப் பிள்ளையின் வாய் எந்த ஒழுங்கில் இயங்குமோ அந்த ஒழுங்கில்தான் அந்தப் பெயரை மாற்றியிருந்தது. முதல் மாற்றம் ழகரம் யகரமானது. ழகரத்தைச் சொல்ல நாவின் நுனி பின்னோக்கி வளைய வேண்டும், ஆனால் மேலண்ணத்தை அழுத்தமாகத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ளகரமாகிவிடும், வளையாவிட்டால் யகரமாகிவிடும். இவ்வளவு நுட்பமான நிறுத்தம் சிறு பிள்ளைகளுக்கு வெகு தாமதமாகத்தான் கைவருகிறது. வட மாவட்டங்களில் அது கைவராமலே பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு என்பதால், இந்தக் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்த முடியாது.

இரண்டாவது மாற்றம் இதைவிடச் சுவையானது. பெயரின் தொடக்கத்தில் நகரமே கிடையாது, இருப்பது யகரம். அப்படியானால் நகரம் எங்கிருந்து வந்தது? பெயரின் கடைசியில் உள்ள னகரத்திலிருந்து வந்தது. மெல்லண்ணம் தாழ்ந்தால் காற்று மூக்கின் வழியாகவும் வெளியேறும்; உயர்ந்தால் வாய் வழியாக மட்டுமே வெளியேறும். ஒரே சொல்லுக்குள் அதை உயர்த்தி வைத்துச் சரியான நொடியில் தாழ்த்துவது பெரியவர்களுக்கு நினைக்காமலே நடந்துவிடும் வேலை. சிறு பிள்ளையோ, பின்னால் வரப்போகும் மூக்கொலிக்கு முன்கூட்டியே ஆயத்தமாகி, சொல்லைத் தொடங்கும்போதே மெல்லண்ணத்தைத் தாழ்த்திவிடுகிறது. சொல்லில் உள்ள ஒரு மெய் இன்னொரு மெய்யைத் தன்னைப் போல் ஆக்கிக்கொள்ளும் இந்தப் போக்கு உலகமெங்கும் மழலைப் பேச்சில் காணப்படுகிறது. மூக்கொலி பின்தொடரும்போது யகரம் இருக்க வேண்டிய இடத்தில் நகரம் நிற்பது தமிழுக்கும் புதிதன்று: சங்கப் பாடல்களில் உள்ள யான் இன்று நான் ஆகியிருக்கிறது, யமனுக்கு நமன் என்றும் பெயர் உண்டு.

பிள்ளைக்குக் காதில் ஏதும் குறையிருக்குமோ என்று இந்தக் கட்டத்தில் சில பெற்றோர் கவலைப்படுவார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் காது மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் சொல் சிதைவது மட்டுமே கேள்விக் குறையின் அடையாளம் ஆகாது. ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் ஆகிய இருவரும் 1960இல் எழுதிய ஒரு சிறு நிகழ்ச்சி இதை நன்றாக விளக்குகிறது. தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்று சொன்ன ஒரு பிள்ளையிடம், "இது உன் ஃபிஸ்ஸா?" என்று ஆய்வாளர் அவனைப் போலவே கேட்டார். பிள்ளை மறுத்தது. ஆய்வாளர் "ஃபிஷ்" என்று திருத்திக் கேட்ட பிறகே, "ஆமாம், என் ஃபிஸ்" என்று ஒப்புக்கொண்டது. பிள்ளையின் மனத்தில் சொல் சரியாகவே பதிந்திருந்தது. வாய்க்குத்தான் அது இன்னும் எட்டவில்லை. என் மருமகனிடமும் இதை நான் சோதித்துப் பார்த்தேன். "நாயினி தூங்குறாளா?" என்று கேட்டதும், "நாயினி இல்ல மாமா, நாயினி!" என்று அவன் காலைத் தரையில் உதைத்தான்.

இனி, நாயினி நைனியாகக் குறுகியதைப் பார்க்கலாம். இது பிள்ளையின் வேலை அன்று, பெரியவர்களின் வேலை. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். தெரு முழுவதற்கும் அவர் அவ்வா. தெலுங்கில் நாயனா என்றால் அப்பா. சிறுவன் தங்கையை நாயினி என்று கூப்பிடுவதைக் கேட்ட அவ்வா, தங்கையை இவ்வளவு மரியாதையோடு விளிக்கும் அண்ணனைத் தாம் பார்த்ததே இல்லை என்று மகிழ்ந்து, தாமும் நைனா, நைனி என்று கொஞ்சத் தொடங்கிவிட்டார். நாயை மறக்க என் தங்கைக்கு அது ஒரு வழியாக அமைந்தது. மூன்று அசை இரண்டாகியது, பெயர் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

இரண்டு அசை என்பது தற்செயலான அளவு அன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே சந்தையில் புழங்கும் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கங்களில் பிள்ளைகளைக் கொஞ்சும் சொற்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழில் குட்டி, அம்மு, அப்பு, கன்னடத்தில் புட்ட, தெலுங்கில் சிட்டி, புஜ்ஜி, உருதுவில் முன்னா. உருது திராவிட மொழியே அன்று. இருந்தும் எல்லாச் சொற்களும் இரண்டு அசைகள் கொண்டவை, எல்லாவற்றின் நடுவிலும் மெய் இரட்டித்திருக்கிறது. அம்மா, அப்பா, அக்கா, தாத்தா ஆகியவையும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். நீளமான பெயர்களை நம் வீடுகள் வெட்டும்போதும் இதே அச்சில்தான் அடைக்கின்றன: கிருஷ்ணன் கிட்டு ஆகிறான், சரஸ்வதி சச்சு ஆகிறாள், சுப்பிரமணி சுப்பு ஆகிறான்.

மழலையின் அடித்தளம் தாடை ஏறி இறங்கும் அசைவே என்பது பீட்டர் மெக்நீலேஜ் 1998இல் விரிவாக முன்வைத்த கருத்து. வாய் மூடித் திறந்தால் ஓர் அசை, மீண்டும் மூடித் திறந்தால் இன்னோர் அசை. நாவுக்குத் தனியே வேலை கொடுக்காமல் தாடையை மட்டும் ஆட்டினால் 'பாபா'வும் 'மாமா'வும் தாமாக வந்துவிடுகின்றன. கேட்கும் பக்கத்திலும் ஒரு சாய்வு இருக்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கு 'முபாபா' போல ஓர் அசை அடுத்தடுத்து இரட்டிக்கும் ஒலித்தொடர்களையும், 'முபாகே' போல இரட்டிக்காதவற்றையும் ஒலிக்கச் செய்து, ஜூடிட் ஜெர்வனின் குழுவினர் அவர்களுடைய மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தை ஒளியின் உதவியால் அளந்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், இரட்டித்த தொடர்களுக்கு மூளை கூடுதலாக வினையாற்றியது தெரிந்தது. ஆக, சொல்லவும் எளிது, காதும் முந்திப் பிடிக்கும் என்ற இரண்டு காரணங்களும் ஒரே வடிவத்தில் வந்து சேருகின்றன.

ஆனால் வாயின் இயல்பு மட்டுமே நம் வீடுகளில் செல்லப்பெயர்களை உண்டாக்குவதில்லை. பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். என் அண்ணனுக்கு எங்கள் தாத்தாவின் பெயரான முனுசாமியை வைத்தார்கள். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட என் அம்மா, பெற்ற பிள்ளையை அந்தப் பெயரால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கொஞ்சுவதில்கூடச் சிக்கல் இல்லை. பிள்ளையைத் திட்டும்போதுதான் சிக்கல். திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருக்க, அவருடைய பெயரைச் சொல்லி ஒரு பயலை எப்படி வைவது? ஆகவே அவன் 'பெரியவன்' ஆனான். அறுபதை நெருங்கும் இன்றும் எங்கள் ஊரில் அவன் பெரியவன்தான். அவனுடைய முறையான பெயரை விசாரித்துக்கொண்டு கடிதத்தோடு வந்தவரை, அப்படி யாரும் இங்கே இல்லை என்று தெருவில் திருப்பி அனுப்பிய கதையும் உண்டு. அந்தப் பெயரில் அம்மாவுக்குச் சேராமல் போன பங்கை இந்தப் பெயரில் அவர் எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காகிதமும் இந்த இடைவெளிக்கு இடம் தருகிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றாலும், பெயரைக் குறிக்காமலே பதிவு செய்யலாம். 12 மாதங்கள் வரை கட்டணம் இல்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க விதிகள் வழிசெய்கின்றன. குழந்தையின் காது அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. டெனிஸ் மேண்டலும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட சோதனையில், நான்கரை மாதக் குழந்தைகள் பிற பெயர்களைக் காட்டிலும் தங்கள் பெயர் ஒலித்தபோது கூடுதல் நேரம் கவனித்தார்கள். பெயருக்குப் பொருள் உண்டு என்பதோ, அது தன்னைக் குறிக்கிறது என்பதோ அந்த வயதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடிக்கடி வந்து விழும் ஓர் ஒலி வடிவத்தைக் குழந்தை அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் நைனி என்றே கேட்டு வளரும் குழந்தைக்கு, சான்றிதழில் உள்ள யாழினி ஒரு விருந்தாளியின் பெயராகத்தான் இருக்கும். அந்தப் பிடிப்பு வளர்ந்த பின்பும் விடுவதில்லை. ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லும்படி பணிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், கவனிக்காத மறு காதில் தம் பெயர் ஒலித்ததை உணர்ந்தார்கள் என்று நெவில் மோரே 1959இல் காட்டினார்.

பெற்றோரின் மனம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? எதிர்பாராத செல்லப்பெயர் முதலில் வலிக்கிறது. ஏனென்றால் வைத்த பெயர் வெறும் அடையாளம் அன்று, பிள்ளையைப் பற்றிய முதல் ஆசை. அதைப் பிறர் வாய் திருத்தும்போது கைப்பொருளைப் பறிகொடுத்தது போல் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒன்றின் மீது, வேறு காரணம் எதுவும் இல்லாமலே விருப்பம் கூடுகிறது என்பதை ராபர்ட் ஸயன்ஸ் 1968இல் சோதனைகளால் நிறுவினார். பொருளற்ற சொற்களுக்கும், சோதனையில் பங்கேற்றவர்களால் படிக்க முடியாத சீன எழுத்துகளுக்கும்கூட அது பொருந்தியது. நாளுக்கு நூறு முறை காதில் விழும் பெயருக்கு அது பொருந்தாமல் இருக்குமா?

பழக்கம் ஒன்றே காரணம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஔவையார் பாடியது புறநானூற்றின் 92ஆம் பாட்டு. புதல்வரின் மழலை யாழோசையோடு ஒத்துவராது, காலத்தோடு பொருந்தாது, அதற்குப் பொருளும் தெரியாது. ஆனாலும் தந்தையர்க்கு அது அருளை வரவழைக்கிறது. என் சொல்லும் அப்படிப்பட்டதே, நீ என் மீது அருள் கொண்டிருப்பதால், என்கிறார். மழலையை யாழைவிட இனியது என்று சொன்ன குறளை எல்லோரும் அறிவோம். ஔவையாரோ அதை ஓர் ஆய்வாளரைப் போலப் பார்க்கிறார்: சுருதி இல்லை, தாளம் இல்லை, பொருள் இல்லை என்று மூன்றையும் கழித்துவிட்டு, எஞ்சுவது கேட்பவரின் மனத்தில் இருக்கிறது என்று காட்டுகிறார்.

செல்லப்பெயர் நிலைப்பதன் இரகசியமும் அங்கேதான் இருக்கிறது. வாய் முதிர முதிரப் பிள்ளை தன் பிழைகளை ஒவ்வொன்றாக உதறிவிடுகிறது. பெரியவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பெயர்கள் சில ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். பாறையில் பதிந்த பழைய இலையைப் போல, பேச்சின் ஒரு பருவத்தை உறைய வைத்துக் காப்பாற்றுபவர்கள் வீட்டார்தாம். 1926இல் பிறந்த இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத், தன் பெயரைச் சொல்ல வராத வயதில் சொன்ன வடிவம்தான் லிலிபெட். அவர் வளர்ந்த பிறகும் குடும்பத்தார் அதை விடவில்லை. 2021இல் பிறந்த அவருடைய கொள்ளுப்பேத்தி ஒருத்திக்கு லிலிபெட் என்பதே முறையான பெயராகப் பதிவாகிவிட்டது.

என் மருமகனுக்கு ஐந்தரை வயதில் ழகரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் களி தின்றுகொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே "யாழினி" என்று திருத்தமாக, நாவை வளைத்து, இரண்டு முறை சொன்னான். பாராட்டுக்காக அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தட்டில் கை வைத்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்த என் தங்கை, "அது பள்ளிக்கூடத்துக்கு இருக்கட்டும் சாமி. வீட்ல நீ நைனின்னே கூப்பிடு" என்றாள்.