டபுள்ஸ் ஸ்குவாஷ்ல பந்துக்கு எப்படி உசுரு வருது

ஸ்குவாஷ்னா மூடின அறைக்குள்ள சுவத்துல மாறி மாறி பந்தை அடிக்கற ஆட்டம். போன வாரம் ஒரு பழைய ஸ்குவாஷ் பந்தை எங்க ஆயாவோட அரிவாமனையில வெச்சு ரெண்டா அறுத்துப் பாத்தேன். உள்ள வெறும் காத்துதான், ஆனா ரப்பர் நான் நெனச்சதை விட தடிமன், நடுவுல ரெண்டு கிண்ணத்தை ஒட்டின மாதிரி ஒரு கோடு. 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம் எடை. தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல ஞாயித்துக்கிழமை காலையில நாங்க நாலு பேரு ஆடற டபுள்ஸோட மொத்த கணக்கும் இதுக்குள்ளதான் இருக்கு.

புதுசா வர்றவங்க எல்லாரும், "அண்ணே, இது ஏன் எம்பவே மாட்டேங்குது?"ன்னுதான் கேப்பாங்க. ரெண்டு மஞ்சப் புள்ளி போட்ட பந்தை கையில இருந்து விட்டா சொத்துன்னு விழும், அடிச்சு சூடாக்கினாத்தான் அதுக்கு உசுரே வரும். ரப்பருங்கறது இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கற நீள நீளமான இழைங்க. பந்து சுவத்துல மோதி நசுங்கறப்போ அந்த இழைங்க ஒண்ணோட ஒண்ணு உரசுது, நாம அடிச்ச பலத்துல ஒரு பங்கு திரும்பி வராம சூடா மாறிடுது. அந்த சூடுலயே ரப்பர் இளகி இழைங்க லேசா வழுக்க ஆரம்பிக்குது, அதனால அடுத்த அடியில வீணாகறது குறையுது, பந்து இன்னும் கொஞ்சம் எம்புது. இழந்த பலமே அடுத்த அடிக்கு உதவுது பாருங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பந்தை டெஸ்ட் பண்றப்போ 254 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து போடுவாங்க. 23 டிகிரியில அதுல 12 சதவீதம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் எம்பினா போதும். 45 டிகிரியில 25 முதல் 30 சதவீதம் எம்பணும், அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல. உள்ள இருக்கற காத்தும் சூடாகி அழுத்தம் கூடுது, 20 டிகிரியில இருந்து 45க்குப் போனா கிட்டத்தட்ட 8 சதவீதம். ஆனா பெரிய வேலை ரப்பரோடதுதான். ஒரு கட்டத்துக்கு மேல அடியில வர்ற சூடும் சுவரும் காத்தும் உறிஞ்சற சூடும் சமமாயிடும், அதுக்கு மேல ஏறாது.

டபுள்ஸ்ல இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுது. சிங்கிள்ஸ் கோர்ட் 6.4 மீட்டர் அகலம், டபுள்ஸுக்கு வழக்கமா 7.62, பெரிய போட்டியில இன்னும் கூட வெக்கறாங்க. நாலு பேரு சுத்தி நிக்கறப்போ பந்து சீக்கிரம் சாகாது, ராலி, அதாவது ஒரு பாயிண்டுக்கு மாறி மாறி அடிக்கறது, நீளும், பந்து நல்லா சூடாகும். ஆனா நாலு பேரு இருக்கறதால வழி மறிச்சு லெட், அதாவது அந்த பாயிண்டை மறுபடி ஆடச் சொல்லி, கேக்கறதும் அதிகம், அந்த நேரத்துல பந்து ஆறிடும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல சென்னைப் பொண்ணுங்க ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் டபுள்ஸ் தங்கம் ஜெயிச்சாங்கல்ல, அந்த மாதிரி ஆட்டத்தைப் பாக்கறப்போ லெட்டுக்கு அப்புறம் வர்ற முதல் ரெண்டு அடியை மட்டும் கவனிங்க.

இப்போ ஜோபர்க், அதாவது ஜோகன்னஸ்பர்க் போன கதைக்கு வரேன். டர்பன் கடல் மட்டம், ஜோபர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரம். அங்க வெளிக்காத்தோட அழுத்தம் இங்க இருக்கறதை விட சுமார் 18 சதவீதம் கம்மி, ஆனா பந்துக்குள்ள அடைச்ச காத்து அப்படியேதான் இருக்கும், அதனால பந்து விறைப்பா நிக்கும். மெலிசான காத்து பந்தைத் தடுக்கறதும் கம்மி, சூட்டை எடுக்கறதும் கம்மி. இது தெரியாம ஒரு ஜூலை மாசம், இங்க அது குளிர்காலம், என்3 ரோட்டுல ஆறு மணி நேரம் ஓட்டிட்டுப் போய் டர்பன் பந்தோடவே ஒரு டபுள்ஸ் போட்டிக்கு பிராக்டிஸ் பண்ணினோம். குளிர்ல கோர்ட் ஐஸ் மாதிரி, முதல் பத்து நிமிஷம் பந்து செத்துக் கிடந்துச்சு, நாங்களும் பலமா அடிச்சே பழகிட்டோம், அப்புறம் அது சூடானதும் நான் போட்ட ஒவ்வொரு லாபும், அதாவது உயரமா தூக்கிப் பின்னாடி போடற அடி, பின் சுவத்துல மோதி நடுக் கோர்ட்டுக்கே திரும்பி வந்துச்சு. எதிராளி சும்மா நின்னு அடிச்சாரு. உயரமான ஊருக்குன்னே இன்னும் மெதுவான பந்து தனியா செய்யறாங்க, அடுத்த தடவை அதை வாங்கிட்டுத்தான் போனோம்.

இப்ப லெட் விழுந்தாலே என் பார்ட்னர் பந்தை எடுத்து உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சுக்குவாரு. சர்வ் போடறதுக்கு முன்னாடி என் கையில ஒரு நொடி வெச்சு அழுத்துவாரு, "தம்பி, சூடு எறங்கலை, லாப் வேணாம்"னு சொல்லிட்டு அவர் பக்கம் போயிடுவாரு.