அமெரிக்க அதிபராகும் தகுதி: பிறந்த இடம் குறித்துச் சட்டம் கேட்பது என்ன?

அமெரிக்க அதிபர் பதவிக்கு வர ஒருவருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டாம் உறுப்பின் முதல் பிரிவில் வரும் அந்த வாக்கியத்தின்படி, அவர் பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 14 ஆண்டுகள் அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். 1804ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் திருத்தம் துணை அதிபருக்கும் இதே தகுதிகளை விதித்தது. வயதையும் வசிப்பையும் பற்றிப் பெரிய வழக்கு எழுந்ததில்லை. வழக்கெல்லாம் முதல் நிபந்தனையைச் சுற்றித்தான். அதிலும் வேட்பாளரின் தாயோ தந்தையோ வெளிநாட்டிலிருந்து வந்தவராக இருந்துவிட்டால், 'இவர் உண்மையில் எங்கே பிறந்தார், இவர் நிற்கலாமா' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது.

பிறப்பிலேயே குடியுரிமை உடையவர் என்றால் யார் என்பதை அரசியலமைப்புச் சட்டம் வரையறுக்கவில்லை. 1787 ஜூலையில், ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, அதற்குத் தலைமை வகித்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கு, அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் ஜே ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் படைத் தலைமை பிறப்பிலேயே குடிமகனாக இருப்பவரைத் தவிர வேறு எவர் கைக்கும் போகக் கூடாது என்பதே அதன் சாரம். ஐரோப்பிய அரச குடும்பத்தினரோ அவர்களுடைய ஆட்களோ உள்ளே வந்து புதிய குடியரசைக் கைக்கொண்டுவிடுவார்களோ என்ற அச்சம் அந்நாளில் இருந்தது. அந்த அச்சத்தில் பிறந்த சொற்கள், விளக்கம் எதுவும் இல்லாமல், அப்படியே சட்டத்தில் இடம்பெற்றன.

விளக்கத்தின் பெரும்பகுதி பின்னர் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டின் அதிகார வரம்புக்கு உட்பட்ட எவரும் அந்நாட்டுக் குடிமக்களே என்று 1868இல் ஏற்கப்பட்ட பதினான்காம் திருத்தம் சொன்னது. சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, அவர் குடிமகன் அல்லர் என்று சொல்லித் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தினார்கள். பெற்றோர் குடியுரிமை பெற அன்றைய சட்டமே இடம் தராத நிலையிலும், இங்கே பிறந்ததால் இவர் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகள் மட்டுமே இதில் உண்டு.

ஆகவே, அமெரிக்காவின் ஒரு மாநிலத்தில் பிறந்தவரைப் பொறுத்தவரை கேள்வி மிகக் குறுகியது: பிறந்தது அங்கேதானா? அவ்வளவுதான். பெற்றோர் எந்த நாட்டவர், எந்த மதத்தவர், வீட்டில் என்ன மொழி பேசினார்கள், மாணவர் விசாவில் இருந்தார்களா, வேலைக்கான எச்-1பி விசாவில் இருந்தார்களா என்பவை அரசியலமைப்பின் அந்த வாக்கியத்தில் இல்லை. நேர்மாறாக, இரண்டு வயதில் பெற்றோருடன் வந்து, அங்கேயே படித்து, ராணுவத்தில் பணியாற்றி, இருபது வயதில் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்ட ஒருவர் ஆளுநராகலாம், செனட்டராகலாம், அதிபராக முடியாது. ஆஸ்திரியாவில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஆளுநரான அர்னால்ட் சுவார்ஸ்நேக்கருக்கு அந்த ஒரு வாசல் மூடியே இருந்தது. இது நியாயமான விதிதானா என்ற கேள்வியை அங்கே பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் அரசியலமைப்பைத் திருத்தாமல் அதை மாற்ற வழியில்லை.

பராக் ஒபாமாவைச் சூழ்ந்த சர்ச்சையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதும், வதந்தி அதை எப்படி வளைக்கிறது என்பதும் ஒருசேரத் தெரிவது அங்கேதான். அவர் பிறந்தது 1961 ஆகஸ்ட் 4 அன்று, ஹவாய் மாநிலத்தின் ஹோனலூலுவில். ஹவாய் ஐம்பதாவது மாநிலமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கவில்லை. தந்தை கென்யாவைச் சேர்ந்த மாணவர். தாய் கான்சஸில் பிறந்த அமெரிக்கர். பிள்ளை கென்யாவில் பிறந்தது என்ற வதந்தி 2008 தேர்தலின்போது பரவியது.

தாய் அமெரிக்கர் என்றால் எங்கே பிறந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1961இல் இருந்த சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைக்க வேண்டுமானால், அந்த அமெரிக்கப் பெற்றோர் அதற்குமுன் பத்து ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றுள் ஐந்து ஆண்டுகளாவது 14 வயதுக்குப் பிற்பட்டவையாக இருக்க வேண்டும். ஒபாமாவின் தாய்க்கு அப்போது வயது 18. பதினான்கும் ஐந்தும் பத்தொன்பது; அந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. பிறந்த இடத்தையே வதந்தி குறிவைத்தது இதனால்தான். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது சட்ட நுணுக்கம் போலவே தோன்றியது.

ஆனால் பிறந்த இடத்துக்கு ஆவணம் இருந்தது. 2008 ஜூனில் அவரது பிரசாரக் குழு ஹவாய் அரசு வழங்கிய சான்றிதழை வெளியிட்டது. மூலப் பதிவேட்டைத் தாமே பார்த்ததாக அம்மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநர் அறிவித்தார். 1961 ஆகஸ்டில் ஹோனலூலுவின் இரண்டு நாளிதழ்களும், ஒபாமா தம்பதியருக்கு ஆகஸ்ட் 4 அன்று ஆண் பிள்ளை பிறந்ததாக, மற்றக் குழந்தைகளின் வரிசையில் ஒரு வரி அச்சிட்டிருந்தன. அப்பட்டியலை அவற்றுக்குத் தந்ததும் சுகாதாரத் துறைதான். இவ்வளவுக்குப் பிறகும் பேச்சு அடங்காததால், 2011 ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை முழு வடிவச் சான்றிதழையே வெளியிட்டது. மருத்துவமனையின் பெயர், மாலை 7.24 என்ற நேரம், தாயின் கையொப்பம், ஆகஸ்ட் 8 என்ற பதிவுத் தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. பதவியில் இருக்கும் அதிபர் ஒருவர் தம் பிறப்பை நாட்டுக்கு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தேகத்தைப் பல ஆண்டுகள் உரக்கப் பேசிவந்த டொனால்ட் டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று 2016 செப்டம்பரில் அறிவித்தார்.

அதே 2008 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் உண்மையிலேயே அமெரிக்க மாநிலம் எதிலும் பிறக்காதவர். கடற்படை அதிகாரியின் மகனான அவர் 1936இல், அன்று அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அமெரிக்கர் என்பதால் அவர் தகுதியுடையவரே என்று செனட் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குச் சட்ட வலிமை இல்லை என்றாலும் பேச்சு அத்துடன் பெருமளவு ஓய்ந்தது. 1970இல் கனடாவின் கால்கரியில், அமெரிக்கத் தாய்க்குப் பிறந்த டெட் குரூஸ் 2016இல் போட்டியிட்டபோது, பென்சில்வேனியா நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் பிறந்தும் பிறந்த கணத்திலிருந்தே குடியுரிமை உடையவர் நிற்கலாம் என்பது சட்ட அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. உச்ச நீதிமன்றம் இதில் நேரடியாகத் தீர்ப்பு எதுவும் சொன்னதில்லை.

நமக்கு நெருக்கமான பெயர் கமலா ஹாரிஸ். தாய் சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லியில் படிக்கச் சென்றவர். தாய்வழித் தாத்தாவின் ஊர் மன்னார்குடிக்கு அருகில் உள்ள துளசேந்திரபுரம். கமலா பிறந்தது 1964 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். பிறந்த இடத்தில் ஐயமே இல்லாததால், 2020இல் அவர் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவருக்கு எதிராக வேறு வாதம் வந்தது: பெற்றோர் அப்போது குடிமக்களாக இல்லையே என்றார்கள். வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898இலேயே விடை சொல்லப்பட்ட கேள்வி அது. சின்சினாட்டியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி 2024 தேர்தலுக்கான களத்தில் இறங்கியபோதும், அவர் பிறந்த இடமே தகுதிக்குப் போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் சரிபார்ப்பவர் யார் என்று கேட்டால், இந்தியத் தேர்தல் ஆணையம் போன்ற ஒரே அமைப்பை அங்கே காட்ட முடியாது. வாக்குச்சீட்டில் யார் பெயர் ஏறலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தீர்மானிக்கிறது. கயானாவில் பிறந்து பின்னர் குடியுரிமை பெற்ற ஒருவரின் பெயரை ஏற்கக் கொலராடோ மறுத்தபோது, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. ஆனால் ஒரு வாக்காளர் நேராகக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் 'இந்த வேட்பாளரை நீக்குங்கள்' என்று கேட்டால், உமக்குத் தனிப்பட்ட பாதிப்பு என்ன என்று கேட்டு வழக்கைத் தள்ளிவிடுவார்கள். ஒபாமாவுக்கு எதிரான பல வழக்குகள் விழுந்தது இப்படித்தான். வழக்கு தள்ளுபடியானதை 'விசாரிக்க மறுத்துவிட்டார்கள், ஏதோ மறைக்கிறார்கள்' என்று படித்தவர்கள் ஏராளம். வென்றபின் ஒருவர் தகுதியற்றவர் என்று தெரியவந்தால், தகுதியுடைய அதிபர் வரும்வரை துணை அதிபராகத் தேர்வானவர் பொறுப்பு வகிப்பார் என்று 1933இன் இருபதாம் திருத்தம் ஏற்பாடு செய்திருக்கிறது.

அமெரிக்க மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதிக்கே பின்னர் சவால் வந்தது. தற்காலிக விசாவில் உள்ள தாய்க்கு அங்கே பிறக்கும் பிள்ளைக்கு, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) பெற்றவரோ அல்லாவிட்டால், குடியுரிமை இல்லை என்று 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். ஆணைக்கு 30 நாள் கழித்துப் பிறப்பவர்களையே அது குறித்தது. முன்னரே பிறந்தவர்களை அது தொடவில்லை. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்து நிறுத்த, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நம் குடும்பங்களில் இந்த விதி வேறொரு இடத்திலும் குறுக்கிடுகிறது. தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். மகளும் மருமகனும் கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்க, பிள்ளை மதுரையில் பிறந்தால், அது பிறப்பில் அமெரிக்கக் குடியுரிமை பெறாது. பெற்றோர் குடியுரிமை வாங்கியபின் அதற்கும் கிடைக்கலாம், ஆனால் அதிபர் பதவிக்கான தகுதி கிடைக்காது. மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகவும் மருமகன் இந்தியக் குடிமகனாகவும் இருந்தால், பிரசவத்துக்கு முன் மகள் ஐந்து ஆண்டுகள், அதில் இரண்டு ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு, அமெரிக்காவில் இருந்திருந்தால் போதும். பிள்ளை பிறந்த கணத்திலேயே குடியுரிமை உடையது. அப்போது சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, அவர்கள் தரும் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைக்கோ, மருத்துவமனை நினைவாகத் தரும், பிஞ்சுப் பாதங்களின் மைத்தடம் பதித்த அழகான தாள் சட்ட ஆவணம் ஆகாது. மாநிலப் பதிவகத்தின் முத்திரையோடு வரும் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.