மறுவாசிப்பு இல்லை, மறுகூற்று

2025இல் புலிட்சர் பரிசு வாங்கிய, பெர்சிவல் எவரெட் எழுதிய 'ஜேம்ஸ்' நாவலை, மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்'னுக்கு ஒரு மறுவாசிப்பு என்று இன்னொருவரும் எழுதிவிட்டார். பழைய கதையை இப்படி வேறு விதமாகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ரீடெல்லிங் என்று பெயர். 'ரீ' என்றால் மீண்டும். 'டெல்' என்றால் சொல்வது.

மறுவாசிப்பு வாசகரின் வேலை. ட்வைனின் நாயகன் ஹக்கின் சுதந்திரத்துக்கே, அவனோடு தப்பியோடும் கறுப்பின அடிமை ஜிம்மின் அடிமைத்தனம் தேவைப்படுகிறது, அதனால்தான் நாவலால் அவனை விடுவிக்க முடியவில்லை என்று 1992இல் அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் எழுதினாரே, அது மறுவாசிப்பு. நாவலில் ஒரு வரியையும் அவர் மாற்றவில்லை. பெர்சிவல் எவரெட்டும் ட்வைனை அடுத்தடுத்துப் பலமுறை படித்தவர்தான். ஆனால் அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, வேறொன்றை எழுதினார். ட்வைனிடம் கதை சொல்பவன் சிறுவன் ஹக், இங்கே ஜிம், அதாவது ஜேம்ஸ். வெள்ளையர் முன்னால் கொச்சையாகவும் தன் ஆட்களிடம் திருத்தமாகவும் பேசுகிறான். அந்தக் கொச்சையைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறான். ட்வைனிடம் எஜமானி மிஸ் வாட்சனின் உயிலால் ஜிம்முக்கு விடுதலை கிடைக்கிறது; அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வாயைத் திறக்காமல் விளையாடுகிறான். எவரெட்டின் ஜேம்ஸ் யார் உயிலுக்கும் காத்திருக்கவில்லை. இத்தனையையும் 'வாசிப்பு' என்றால் எழுதியவரின் உழைப்பை எந்தக் கணக்கில் வைப்பது? இப்போதெல்லாம் பழைய நாடகத்தைப் புது உடையில் போட்டாலும் மறுவாசிப்பு, அட்டையை மாற்றி அச்சடித்தாலும் மறுவாசிப்பு. அழைப்பிதழ் எழுதுபவர்களுக்கு வேறு சொல்லே கிடைப்பதில்லை போல.

தூய தமிழ் அன்பர்கள் 'வழிநூல்' என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் வழிநூல் 'முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து' வர வேண்டும் என்கிறது நன்னூல். எவரெட் எங்கே ஒத்துப்போனார்? தழுவலைச் சினிமாவுக்கு விட்டுவிடலாம். 1939இல் மிக்கி ரூனி ஹக்காக நடித்த படம் தழுவல்.

என் தேர்வு மறுகூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாடலைப் பிரிப்பவர்களுக்கு இது அந்நியமே இல்லை. யார் வாயால் கதை வருகிறது என்பதுதான் கூற்று. 'மறு' மீண்டும் என்றும் பொருள்படும். மறுகரையில் போல மற்றொன்று என்றும் வரும். மறுத்தலும் அதிலேயே இருக்கிறது. 'ஜேம்ஸ்' இந்த மூன்றையும் செய்கிறது. தேர்வு மறுகூட்டல் மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும். ஹக்கின் குடிகாரத் தகப்பனை வைத்து ஜான் கிளிஞ்ச் எழுதிய 'ஃபின்' (2007) படர்க்கையில் நடக்கிறது, எந்தப் பாத்திரத்தின் கூற்றாகவும் இல்லை. அதை மறுபுனைவு என்றே சொல்லலாம்.